ஐந்து வாரச் சண்டை

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் பிரச்சினையை வாரம் ஒரு முறையாக ஐந்து முறை நேரில் போய்ப் பேசித் தீர்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்தவர்கள் புன்னைக்காயல் கஸ்பார் அண்ணாச்சியும் அவர் மனைவி ரொசாலி மதினியும். அண்ணாச்சி தன் புது மீன்வலையை மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். இருபது நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அருமையான கேஸ் என்று வகுப்பே பொறாமைப்பட்டது.

இரண்டாவது முறை போனபோது, இருவரும் ஒரே தட்டில் சாளைக் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சமாதானமாகிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் மேடத்திடம் போய் நின்றேன். குடும்ப ஒற்றுமையைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். "அஞ்சு சிட்டிங் இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன், முத்துச்செல்வி. இவ்வளவு சீக்கிரம் சேர்ந்துட்டா அது கேஸே இல்ல" என்றார்.

மூன்றாவது வாரம் வெட்கத்தை விட்டு அவர்களிடமே விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ள படிப்பு கெடக் கூடாதுல்லா" என்ற ரொசாலி மதினி, கணவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் மாமியார் வந்தாள், அப்புறம் கல்யாணத்துக்குப் போட்ட வளையல் வந்தது, கடைசியில் நிஜமாகவே அழுகை வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

கிளம்பும்போது கஸ்பார் அண்ணாச்சி பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். நான் பஸ்ஸில் ஏறும்போது கேட்டார்.

"ஏம்மா, உனக்கு மார்க்கு வந்த பொறவாவது அவ எங்கிட்ட பேசுவாளா?"