உட்கார்ந்தே இழு, கென்டல்

கென்டலின் கைக்குத் தப்பிய பொருள் அந்த வீட்டில் எதுவும் கிடையாது. ஜாடி மூடியைத் திறக்கச் சொன்னால் கழுத்தோடு கையில் வரும். குழாயை இறுக்கச் சொன்னால் மறுநாள் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். நார்த் பிளாட் ரயில் யார்டில் காலமெல்லாம் போல்ட் முறுக்குகிறவன் வேறெப்படி இருப்பான்!

அப்பேர்ப்பட்டவனை நம்பி அவன் பெண்டாட்டி ட்வைலா இன்றைக்குத் தன் பிரஸ்ஸை விட்டுப் போயிருந்தாள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை மறுபடி தோட்டாவாக்கும் எந்திரம் அது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் அடியிலுள்ள சுழல் தட்டு ஒரு இடம் நகரும். முதல் இடத்தில் ஓர் ஊசி கூட்டுக்குள் இறங்கிப் அடியில் வெடித்துத் தீர்ந்த ப்ரைமர் வில்லையைத் தள்ளிவிடும். கடைசி இடத்திலிருந்து பளபளவென்று ஒரு தோட்டா டப்பாவில் விழும். பார்க்க ஜாலியான வேலைதான். ஆனால் முரட்டுக்கை பட்டதோ, ஊசி முறியும், தட்டு பிளக்கும்.

போன வருஷம் பிளந்தது. மாநிலத் துப்பாக்கிப் போட்டிக்கு முந்தின நாள், "கொஞ்சம் உதவி பண்றேன்" என்று உட்கார்ந்தான். கைப்பிடி சிக்கியது. எழுந்து நின்று உடம்புப் பாரம் மொத்தத்தையும் போட்டு ஒரே அழுத்து! தட்டு இரண்டு துண்டு. ட்வைலா கடைத் தோட்டாவோடு போனாள். அது அவள் துப்பாக்கிக்கு ஒத்துக்கொள்ளாமல் நடுவில் மக்கர் பண்ணியது, தோற்றாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இன்றுவரை புழுங்குகிறான் மனுஷன்.

நாளைக்கு மறுபடி அதே போட்டி. ஜெயித்தால் தேசியப் போட்டி. காலையில் பார்த்து ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவருக்குக் காய்ச்சல். வாலிபால் பிள்ளைகளை ஒகலாலா ஊருக்குக் கூட்டிப் போக, இன்னொரு பஸ் டிரைவரான ட்வைலாவைத்தான் கூப்பிட்டார்கள். ஷெட்டில் சாவியைச் சுழற்றிக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஸ்டூல்ல உக்காந்தே இழு, கென்டல். உன் பின்பக்கம் ஸ்டூலை விட்டுக் கிளம்புதுன்னா நீ தப்பு பண்றேன்னு அர்த்தம். புரியுதா?"

"புரியுது அம்மணி."

"புரிஞ்சு கிழிச்சே."

மதியம் வரைக்கும் வேலை ஜோராக ஓடியது. பக்கத்து வீட்டு ஆர்லன் கறியும் முட்டைக்கோஸும் அடைத்த ரன்ஸா ரொட்டி இரண்டை வாங்கிக்கொண்டு வந்து, ரேடியோவில் ஃபுட்பால் மேட்சை அலறவிட்டான். கென்டல் மாட்டுக்குப் பால் கறப்பவன் மாதிரி பதமாக இழுத்துக்கொண்டிருந்தான். டப்பா நிரம்பிக்கொண்டே வந்தது. அவனுக்கே அவன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

திடீரென்று கைப்பிடி பாதியில் நின்றது.

கென்டலின் தோள் தன்னால் இறுகியது. கால் தரையை உந்தியது. பின்பக்கம் ஸ்டூலை விட்டு அரை அங்குலம் கிளம்பியேவிட்டது!

"என்னடா யோசனை? ஏறி ஒரு அழுத்து அழுத்து, தன்னால போகும்," என்றான் ஆர்லன், வாய் நிறைய முட்டைக்கோஸோடு.

"போகாது. உடையும்."

"அடச்சீ, ரயில் பெட்டியைத் தூக்குறவன் இத்துனூண்டு கூட்டுக்கு நடுங்குறான் பாரு! தள்ளு, நான் இழுக்கிறேன்."

"தொட்டே, கையை முறிச்சுருவேன்!" கென்டல் பொத்தென்று மறுபடி உட்கார்ந்தான். மூச்சை விட்டான். கைப்பிடியைப் பையப் பையப் பின்னால் விட்டு, சிக்கிய கூட்டை விரலால் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

உள்ளே இன்னொரு கூடு! பெரிய கூட்டுக்குள் சின்னக் கூடு ஒன்று கச்சிதமாகச் செருகிக் கிடந்தது. ஊசி அதன்மேல்தான் முட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் ஊசியின் கதை முடிந்திருக்கும்.

யார் வேலை? வேறு யார், இவனேதான். போட்டி முடிந்ததும் எல்லோரும் குனிந்து அவரவர் கூட்டைப் பொறுக்கும்போது, இந்தப் பேராசைக்காரன் கண்டவர் சுட்டதையும் மண்வாரியால் அள்ளி வாளியில் கொட்டிக்கொண்டு வருவான். ஓசியில் வந்ததாயிற்றே!

"ஆர்லன், ரேடியோவை அணை. வாளியைக் கவுத்து."

"மேட்ச்சுடா!"

"கவுத்துறா!"

இரண்டு பேரும் தரையில் சம்மணமிட்டு ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். "இந்தா இன்னொண்ணு!" என்று ஆர்லன் கத்தினான். "ஐயோ, இதுலயும்!" என்று கென்டல் துள்ளினான். ஒன்றில் கூழாங்கல்கூட இருந்தது. ஆர்லனுக்கு மேட்ச் மறந்தே போயிற்று.

ட்வைலா திரும்பியபோது டப்பா நிறைந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நேரே அலமாரிக்குப் போய் உதிரிப் பாகங்கள் இருந்த தகர டப்பாவைத் திறந்தாள். மாற்று ஊசிகளின் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"ஒண்ணுகூட உடையலையா?"

"ஒண்ணுகூட."

கென்டல் சின்னக் கூடுகளைக் குவித்துக் காட்டி நடந்ததைச் சொன்னான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் செய்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக அளவுக்குழாயில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் டிக், டிக்கென்று வழுக்கி உட்கார்ந்தன. பிறகு எழுந்து வெளியே போய், வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து வேறொரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நிறையத் தோட்டா.

"இது என்ன?"

"போன வாரமே செஞ்சு ஒளிச்சு வெச்சேன். நீ உடைப்பேன்னு நினைச்சேன்."

கென்டலுக்கு முகம் செத்துப்போயிற்று. நியாயம்தானே. ட்வைலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் டப்பாவைத் தூக்கி அலமாரியின் உச்சித் தட்டில் தள்ளினாள். அவனுடையதைப் போட்டிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நாளைக்கு இதைத்தான் சுடப்போறேன்."

"வேண்டாம் ட்வைலா! எதுக்கு ரிஸ்க்கு?"

"வாயை மூடிட்டு சூப்பைச் சுட வை."

மறுநாள் கடைசிச் சுற்று. பஸ்ஸர் அலறியது. கென்டல் பார்வையாளர் பெஞ்சை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தான். குறிக்கு நிறுத்திய இரும்புத் தட்டுகள் டங், டங், டங்கென்று சாய்ந்தன. மக்கர் இல்லை, தயக்கம் இல்லை. கடைசித் தட்டும் சாய்ந்தது! எல்லோரையும்விடக் குறைந்த நேரம் என்று அறிவித்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது. ஆர்லன் பெஞ்சுமேலேயே ஏறிவிட்டான்.

ட்வைலா துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அத்தனை தலைகளுக்கு நடுவே ஒருவன் மட்டும் பெஞ்சை விடாமல், கண் கலங்கி, ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"யோவ் கென்டல்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கூவினாள் அவள். "இப்ப எந்திரிக்கலாம்யா!"