அரூபி வந்த வீடு

பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்த லிஜினுக்கு லீவு கிடைக்காததால் அவனுடைய குரல் மட்டும் ஊருக்கு வந்தது. மணவாளக்குறிச்சிக் கடலில் மீன்பாடு சுமாராக இருந்த வருடம் அது. காலையில் கதவைத் திறந்த மனைவி ரெனிஷாவிடம், ஆளில்லாத வாசலிலிருந்து, "ஏட்டி, சாயா குடிச்சியா?" என்று கேட்டது. அவள் கொஞ்சம் அழுதுவிட்டு உள்ளே கூப்பிட்டாள். பஹ்ரைனில் லிஜின் வாய் திறக்காமல் வலை இழுத்தான். வலைக்குப் பேச்சு தேவையில்லை என்பதால் யாரும் சம்பளத்தைப் பிடிக்கவில்லை.

அடுத்த வீட்டு சபிதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் கணவன் செல்வதாஸ் உடம்போடு வீட்டிலேயே இருந்தான். கடலுக்குப் போவான், வருவான், தின்பான், படுப்பான். கல்யாணமான நாள்முதல் அவளிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு ஜெபமாலை சொல்லும் நேரம் வராது. ரெனிஷாவின் சிரிப்பு சுவர் தாண்டி வரும்போதெல்லாம் சபிதா பாத்திரங்களை ஓங்கி வைத்தாள். கடைசியில், அந்த வீட்டில் பேய் புகுந்திருப்பதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லி அழைத்து வந்தாள்.

"ஸ்தோத்திரம் சாமி" என்றது குரல்.

சாமியார் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார். "பேயில்ல சபிதா. அரூபியாக்கும்."

"அப்படின்னா?"

"சரீரமில்லாம இருக்கது. மோட்சத்துல இருக்க சம்மனசு மாதிரி, ஆத்துமம் மாதிரி."

"சரீரம் மட்டும் இருக்கதுக்குப் பேரு என்ன சாமி? எனக்க வீட்டுல ஒண்ணு இருக்கு."

அவர் ரெனிஷா கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை இரு வீட்டுக்கும் நடுவே இருந்த பின்சுவரோரம் பீடி பற்றவைத்த செல்வதாஸிடம் குரல் மீன்பாடு பற்றி விசாரித்தது. அவன் நெத்திலியைப் பற்றிச் சொன்னான், கிழிந்த வலையைப் பற்றிச் சொன்னான். பிறகு, "சபிதாகிட்ட நாலு வார்த்த பறையணும்னு நெனப்பேன் மக்கா. மொகத்தப் பாத்தா பேச்சு வராது" என்றான். அடுக்களைக் கதவின் பின்னால் நின்ற சபிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனக்குக் கிடைக்காததை இந்த அரூபி பீடிப் புகையோடு வாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலை அவள் ரெனிஷாவின் பின்கட்டுக்குப் போய், நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்து, அந்தப்பக்கம் நின்ற புருஷனுக்குக் குரல் கொடுத்தாள். "சபிதாவாக்கும். எனக்க மொகம் இங்க இல்ல. பறையும்."

சுவருக்கு அந்தப்பக்கம் செல்வதாஸ் பீடியை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

லிஜின் லீவில் வந்து, திரும்பும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சபிதா இன்னும் மாலைகளில் அங்கே வந்து புருஷனோடு பேசிச் சிரிக்கிறாள். ரெனிஷா அவளுக்கு முகம் கொடுப்பதில்லை. நாற்காலியை எடுத்து உள்ளே போடுவதுமில்லை.