மாடி பஸ்ஸின் பச்சைப் பக்கம்

டிப்போவின் மூலையில் செடி முளைத்துக் கிடந்த பழைய மாடி பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்து, ஒரு நாள் மட்டும் ஊரைச் சுற்ற விடுவது என்று முடிவானது. வெயிலிலும் மழையிலும் கிடந்து அது சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. கிடைத்த போட்டோக்களோ எல்லாம் கறுப்பு வெள்ளை. அதனால் போர்மேன் நேராக விசிலின் வீட்டுக்கு வந்தார். அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் விசில். வீட்டிலும் விசிலடித்தே ஆளைக் கூப்பிடுவார். பெயர் அப்படி வந்தது.

"சிவப்பு. ஜன்னலுக்கு மேல வெள்ளைப் பட்டை. இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி, "பச்சைங்க" என்றாள். டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்தவள். தினமும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். அதில் பழகித்தான் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

விசில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் பச்சை பஸ்ல வேலையே பாத்ததில்லையே. அப்ப உனக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவன் யாரு?"

"நீங்கதான்."

"நான் சிவப்பு பஸ்ல இல்ல இருந்தேன்!"

போர்மேன் டம்ளரை வைத்துவிட்டு மெல்ல நழுவினார்.

அதன்பிறகு விசிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்து யோசித்து, கூட வேலை பார்த்த நெட்டையின் மேல் சந்தேகம் விழுந்தது. தேடிப் போய்ப் பிடித்தார். நெட்டைக்குக் காது மந்தம். மேல்தளத்தில் குனிந்தே டிக்கெட் கொடுத்ததில் கழுத்து அப்படியே வளைந்து நின்றுவிட்டது.

"பச்சை பஸ்ல என் வீட்டுக்காரியைப் பாத்திருக்கியாடா?" என்று விசில் கத்தினார்.

"பச்சையா? நம்ம பஸ் நீலமுல்ல!"

விசில் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். ஆனால் தெருமுனை வருவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. நெட்டை இல்லையென்றால் வேறு எவன்?

போர்மேனுக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, முகப்பு நீலம் என்று அடித்துவிட்டார். பஸ் கிளம்பிய அன்று சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். "அச்சு அசல் அந்தச் சிவப்பு!" என்று இந்தப் பக்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தார் பச்சையைப் பார்த்து விசும்பினார்கள். பஸ் கடந்துபோனதும் நடுரோட்டில் இரு தரப்பும் சட்டையைப் பிடித்துக்கொண்டன.

மேல்தளத்தின் முன் இருக்கையில் விசிலும் மனைவியும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நாளும் நிறத்தைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவரும் உயரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைத்தெருவில் இப்போது ஒரு நடைமேம்பாலம் இருந்தது. பஸ் அதனடியில் நுழைந்து, பாட்டில் மூடி போல இறுகிக்கொண்டது.

பாலத்தில் நடந்தவர்கள் குனிந்து, ஜன்னல் வழியாக இருவரையும் பார்த்தார்கள். கீழே மெக்கானிக்குகள் டயர்களில் காற்றைப் பிடுங்கினார்கள். மேலே எடை இருந்தால்தான் பஸ் தாழும் என்று இருவரையும் இறங்க விடவில்லை.

"இப்பவாவது சொல்லு. அவன் எப்படி இருப்பான்?" என்றார் விசில்.

அவள் பொறுமை இழந்தாள். "எப்படி இருப்பான்? சரியான முசுடு! மேல்மாடியில நின்னுட்டு வந்தேன்னு, கொட்டுற மழையில நடுவழியில எறக்கிவிட்டான். குடைகூட இல்ல எங்கிட்ட."

விசில் துள்ளி எழுந்தார். கூரை மண்டையில் இடித்தது.

"மேல நிக்கக் கூடாதும்மா, அது ரூல்ஸ்! நீ கீழ நின்னு என்னைத் திட்டினியே, நாசமாப் போன்னு?"

"ஆமா."

"அது நான்தான்! அந்த முசுடு நான்தான்!" விசில் பாலத்தின் மேல் நின்ற கூட்டத்தைப் பார்த்தும் கத்தினார். "இவங்களை மழையில எறக்கிவிட்டது நான்தாங்க!"

எதற்கென்று தெரியாமலே கூட்டம் கைதட்டியது. காற்று இறங்கிய பஸ் முனகிக்கொண்டே பாலத்திலிருந்து விடுபட்டது. மனைவி நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க. மேல நிக்கக் கூடாது."