இழுப்பறையிலிருந்து வந்த கட்டுரைகள்

1975 மழைக்காலத்தில் நெருக்கடி நிலையோடு பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. கல்கத்தாவில் எங்கள் நையாண்டிப் பத்திரிகை 'சிம்டி'க்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிம்டி என்றால் கிள்ளு. மந்திரி, கவிஞர், புரட்சிக்காரர் என்று எவரையும் விடாமல் கிள்ளியவர் ஆசிரியர் அனாதிநாத் சன்யால், எங்களுக்கெல்லாம் அனாதி-தா; தாதா என்றால் அண்ணன். அவர் வீட்டு முன்னறைதான் அலுவலகம். நான் துணையாசிரியன்.

ஒவ்வொரு இதழையும் அச்சுக்கு முன் தணிக்கை அலுவலகத்தில் காட்ட வேண்டும். முதல் தடவை இருவருமே போனோம். அதிகாரி குமுத்ரஞ்சன் தலாபாத்ரா எழுந்து நின்று வரவேற்றார். சந்தேஷ் இனிப்பு வரவழைத்தார். பக்கங்களைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வரிகூட அடிக்கவில்லை.

"நல்ல மனுஷன்தான் போல," என்றேன், வெளியே வந்ததும்.

"பேனாவையே தெறக்கல, பாத்தியா? அதான்டா சரியாப் படல," என்றார் அனாதி-தா.

மூன்றாம் வாரம் குமுத் பாபு இழுப்பறையிலிருந்து மஞ்சளேறிய நாலு தாள்களை எடுத்தார். "காலேஜ்ல படிக்கறப்ப எழுதினது. உங்களுக்குத்தான் அனுப்பினேன். 'படிச்சு அழுதுட்டேன், நகைச்சுவைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பினீங்க. ஞாபகம் இருக்கா, தாதா?"

அனாதி-தாவுக்கு இல்லை. "வயசுக் கொழுப்பு. மன்னிச்சுக்குங்க."

"சே, மன்னிப்பு எதுக்கு? போட்டுடுங்க, போதும்."

போட்டோம். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு. அப்போதும் எங்கள் பக்கங்களில் அவர் கை வைக்கவில்லை. "இடம் பத்தலைன்னா உங்களோடத எடுத்துடுங்களேன்" என்பார், அவ்வளவுதான். துர்கா பூஜை மலரில் பாதி அவருடையது. வாசகர் கடிதங்கள் நின்றுபோயின. சந்து முனையில் முகம் தெரியாத ஒருவன் காலையிலிருந்து நிற்க ஆரம்பித்தான்.

"கடையை மூடிடலாம், பிரதுல்," என்றார் அனாதி-தா.

நான் போய்ச் சொன்னேன். குமுத் பாபு சிரித்தபடியே, "மூடறதுக்கும் அனுமதி வேணுமே," என்றார்.

அந்த வாரம் அனாதி-தா எனக்குத் தெரியாமல் குமுத் பாபுவின் கட்டுரைகளை எடுத்துவிட்டு, அந்த இடங்களை வெள்ளையாக விட்டு இதழை அச்சிட்டார். வெள்ளிக்கிழமை காலை அவர் பொரி தின்றுகொண்டிருந்தபோது போலீஸ் ஜீப் வந்தது. மூக்குக்கண்ணாடியை எடுக்கக்கூட விடவில்லை. அவர் மனைவி, எங்கள் அண்ணி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து முனைவரை ஓடினாள்.

மாலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இனி நீங்கதான் ஆசிரியர்," என்றார் குமுத் பாபு. "ரெண்டு பொண்ணு, இல்ல உங்களுக்கு?"

நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை.

புதிதாக எழுதியதை உரக்கப் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்தேன். பதினாறு மாதம் வாராவாரம் சிரித்தேன், வாராவாரம் அச்சிட்டேன்.

அனாதி-தா விடுதலையானதும் பார்க்கப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள்.

"உன் பத்திரிகையை ஜெயிலுக்குள்ள தவறாம குடுத்தாங்களாம்," என்றாள். "ஒரு வரி விடாம படிச்சாராம்."

அவர் எழுந்து வரவில்லை. அண்ணி என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை.