கேரியரில் போன தேங்காய்

கடைவீதியில் இருப்பதிலேயே மலிவு எது என்று கேட்டு மலையாண்டி வாங்கிய பழைய சைக்கிளுக்கு ஒரு ஆளைச் சுமப்பதே பெரும்பாடு. போன வருஷம், கல்யாணமான புதிதில், வண்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்கு மனைவி அன்னக்கொடியை அதில் ஏற்றிக்கொண்டு திருவாதவூரிலிருந்து கிளம்பினான். ஊர் எல்லை தாண்டவில்லை. கேரியர் முறிந்து, அவள் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள். ரோட்டோரக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டு நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. அடுத்த தெப்பத்துக்கு நல்ல சைக்கிளில் ஜம்மென்று உட்கார்ந்து போகவேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து அவளுடைய ஒரே ஆசை.

இந்த வருஷம் பருத்தி கைகொடுத்தது. மலையாண்டி மதுரைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு சீமைச் சைக்கிள் வாங்கிவந்தான். அத்தோடு அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கம்பிகளுக்கெல்லாம் துணி சுற்றினான். சீட்டுக்கு வெல்வெட்டில் உறை தைத்தான். பக்கத்தில் கோழி போனால்கூட விரட்டினான்.

திருவிழாவன்று விடியற்காலையில் அன்னக்கொடி புதுச்சேலை கட்டி, பூ வைத்து, வாசலுக்கு வந்தாள். கேரியரில் மாரியம்மனுக்கு வாங்கிய தேங்காய்ப் பழக் கூடை கெட்டியாகக் கட்டியிருந்தது. புது வண்டியில் முதலில் சாமி சாமான்தான் போகவேண்டுமாம். கோயிலில் பூசை போட்ட பிறகுதான் மனுசர் ஏறலாமாம். தானும் உருட்டிக்கொண்டுதான் வரப்போவதாக அவன் பெருமையாகச் சொன்னான். ஆக, தேங்காய் சவாரி போக, புருஷனும் பெண்டாட்டியும் அத்தனை மைலும் நடந்தார்கள்.

வழியில் கடக்கவேண்டிய வைகை முழுக்க மணல். செயினில் மணல் ஏறிவிடும் என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டான் மலையாண்டி. கூடை அவள் தலைக்கு வந்தது. எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

தெப்பக்குளக் கரை மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் துலங்கின. அவள் ஆசையாகக் கேரியரைத் தொட்டாள். உச்சி வெயிலில் டயர் சூடேறிக் கிடக்கிறது, பொழுது சாயட்டும் என்று இழுத்தான் மலையாண்டி.

அன்னக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழசு என்னையச் சுமக்க மாட்டேன்னுச்சு. புதுச நீங்க சுமக்குறீக. அப்ப நான் எதுலதான் மச்சான் ஏறுறது?"

 சைக்கிள் அழுத்திக் கன்றிப்போயிருந்த தோளைத் தடவிக்கொண்டான். பிறகு கேரியரைத் தன் துண்டால் துடைத்தான்.

"ஏறு புள்ள."

காலைத் தெப்பம் முடிந்து கூட்டம் மண்டப நிழல்களில் ஒதுங்கியிருந்தது. குளத்தைச் சுற்றியுள்ள ரோட்டில் சைக்கிள் முனகாமல் ஓடியது. முதல் திருப்பம் வரை அவன் டயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அதை மறந்து, மூச்சைப் பிடித்து மிதித்தான். சந்தோஷத்தில் அவளுக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்பதுகூடத் தெரியவில்லை. சுற்று முடிந்ததும் அவன் நிறுத்தினான். அவள் இறங்கவில்லை.

"இன்னொரு சுத்துப் போங்க மச்சான்."

அன்றைக்குக் குளத்துக்குள் அம்மன் சுற்றியதைவிடக் கரையில் அன்னக்கொடி சுற்றியதுதான் அதிகம்.