அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை

ஆங்கிலம் படிப்பிக்க ஜப்பானுக்குப் போன மகள் ஜூலி, அங்கேயே ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, கனடாவில், வோபர்னில் இருந்த சீமோன் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"பெடியன் என்ன வேலை?"

"சிற்றி ஹோலில, அப்பா."

அத்தோடு மனிதருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மன்னாரில் பிறந்த தகப்பன் அல்லவா! நகரசபை என்றால் மழை வெயில் படாத, பென்சன் உள்ள, ஒருவராலும் அசைக்க முடியாத வேலை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்காரர் அமிர்தநாதரை மறித்து, "அரசாங்க உத்தியோகம், அண்ணை. பென்சனோட" என்றார்.

கலியாணம் முடிந்த பிறகுதான் மனைவி எமில்டா அந்த ஊரைப் பற்றி இணையத்தில் தேடினாள். ஹொக்கைடோவில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் நிலக்கரி நகரம். சுரங்கங்கள் ஓடிய காலத்தில் லட்சம் பேர் இருந்தார்களாம். ஒவ்வொன்றாக மூட மூட, சனம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டது. நகரசபை சும்மா இருந்ததா? கடன் வாங்கி ராட்டினம் கட்டியது, நூதனசாலை கட்டியது, உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடன்காரர்தான் வந்தார்கள். நகரமே வங்குரோத்து. ஊழியரில் பாதிப்பேர் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களுக்குச் சம்பளமும் குறைந்துவிட்டது. பிள்ளைப்பேற்று வார்ட்டைப் பூட்டி எத்தனையோ வருடம்.

"உதுதானோ உங்கட அரசாங்க உத்தியோகம்?" என்றாள் எமில்டா.

சீமோன் மகளைக் கூப்பிட்டார். "நிரந்தர வேலைதானே, பிள்ளை?"

"வேலை பெர்மனன்ட்தான், அப்பா. ஊர்தான் பெர்மனன்ட் இல்லை" என்று ஜூலி சிரித்தாள்.

அவள் புருஷன் ஷோஹெய்க்குப் பிறப்பு இறப்புப் பதியும் கவுண்டர். எட்டுப் பேர் இருந்த இடத்தில் இப்போது அவன் ஒருவன்தான். கிழமை தவறாமல் சாவு பதிந்தான். பிறப்புப் பதிவது வருடத்தில் நாலோ ஐந்தோ.

ஜூலி உண்டாகி ஆறாம் மாதம் முடியும்போது சீமோன் கெஞ்சினார். "இஞ்ச வந்து பிள்ளையைப் பெத்துப்போட்டுப் போ."

"அவருக்கு லீவு இல்லை, விட்டிட்டு எப்பிடி வாறது? இஞ்ச எல்லாரும் இந்த பேபியைத்தான் பாத்துக்கொண்டு இருக்கினம். ரோட்டில கண்டால் வயித்தைப் பாத்துக் கும்பிடீனம், அப்பா."

"ஊர் கும்பிட்டால் டொக்டர் வருவாரோ?" என்று கத்திவிட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு கிழமை அவரும் வீம்புக்கு எடுக்கவில்லை.

ஏழாம் மாதம், தை மாதப் பனியில், அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. பிள்ளைப்பேறு பார்க்கும் ஆஸ்பத்திரி இருந்தது அடுத்த நகரத்தில். ஷோஹெய் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. எமில்டா போனில் அழுதழுது சொல்ல, மிசிசாகாவில் வேலைக்கு நின்ற சீமோன் அப்படியே தரையில் இருந்துவிட்டார். அந்த இரண்டு கிழமையை அவரால் மன்னிக்க முடியவில்லை.

நாலாம் நாள்தான் ஜூலி போனை எடுத்தாள்.

"ஷோஹெய் எங்க, பிள்ளை?"

"ஒஃபிசுக்குப் போட்டார்."

சீமோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளையைப் பறிகுடுத்து நாலு நாள் முடியேல்லை. அவனுக்கு இப்ப என்ன ஒஃபிஸ்?"



"பேபிக்கு ஃபோர்ம் குடுக்கோணும், அப்பா. அது குடுத்தாத்தான் எரிக்க விடுவினம்." மூக்கை உறிஞ்சினாள். "கவுண்டரில வேற ஆள் இல்லை. வெளியில நிண்டு அவரே எழுதிப்போட்டு, உள்ளுக்குப் போய் அவரே வாங்கி முத்திரை குத்தோணும்."

இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் சீமோன் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.