சேர்த்தாச்சு

"சேத்துக்கிடுதோம், திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்று கல்லூரி மேனேஜர் சொன்னதுதான் தாமதம், சொர்ணத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை.

சும்மாவா? மகள் முத்துச்செல்விக்கு மூளை வளர்ச்சி கொஞ்சம் மட்டு. தட்டுத் தடுமாறி, சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்து, பிளஸ் டூ தேறிவிட்டாள். தேறிய பிறகும் எந்தக் கல்லூரியும் வாசலைத் தாண்ட விடவில்லை. "இதுக்கு எதுக்கும்மா டிகிரி?" என்று கேட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள்தான், என்ன எழவைப் படித்தார்களோ! கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டில் புதுசாக எழும்பியிருந்த இந்தக் கல்லூரி ஒன்றுதான் பாக்கி.

தீப்பெட்டி ஆபீஸில் தன்னோடு லேபிள் ஒட்டும் பெண்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். பத்திரகாளி மட்டும், "கூறுகெட்டவளே, நல்லா விசாரிச்சியா?" என்றாள். வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று சொர்ணத்தாய் அவளோடு பேச்சை விட்டாள்.

திங்கட்கிழமை புதுச் சுடிதார் போட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக் கூட்டிப் போனாள். மேனேஜர் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த உடுப்போடயா பெருக்கும்? அழுக்காயிருமேம்மா."

சொர்ணத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை அவர் காட்டினார்.

"படிக்கத்தான அண்ணாச்சி சேத்தீங்க?"

"யாரு சொன்னா? நடையா நடந்தீங்க, பாவமேன்னு வேலைக்குல்லா சேத்தேன்."

நல்ல மனுஷன்தான், குரலில் மெய்யாகவே இரக்கம் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. ஏசவும் வாய் வரவில்லை, காலில் விழவும் உடம்பு வளையவில்லை. திரும்பக் கூட்டிப் போனால் ஆபீஸில் எந்த முகத்தோடு உட்காருவாள்? அதைவிட, இந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வாள்?

முத்துச்செல்வி அதற்குள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முதல் வகுப்பறையின் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்திலும் வகுப்பைப் பெருக்கியது அவள்தான். அவளுக்கு இதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே டீச்சர் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் நிமிர்ந்து நின்றாள்.

"எம்மா, எம்பேரு இன்னும் வரல."

"வரும்ட்டி, நில்லு" என்றாள் சொர்ணத்தாய்.

டீச்சர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, 'உள்ளேன் மிஸ்' சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முத்துச்செல்வி நின்றாள்.